நாலு அங்குல மரியாதை

1986ஆம் ஆண்டு பெப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு டர்லோ ஹவுஸ் தரையைவிட்டு நாலு அங்குலம் எழுந்து நின்றது. தெற்கு லண்டனில், மோர்டனிலிருந்து மிச்சம் என்னும் இடத்துக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், ஒரு பெரிய சீடர் மரத்தோடு நின்ற வீடு அது. கட்டி இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய சத்தம் எதுவும் இல்லை. வயதானவர் ஒருவர் கதிரையின் இரண்டு கைகளையும் ஊன்றி எழும்பும்போது வருவது போன்ற ஒரு முனகல், பிறகு யன்னல் கண்ணாடிகளில் சிறு நடுக்கம், அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் இரண்டு பெண்கள். இருவரும் கவுன்சிலின் துப்புரவு வேலைக்கு அன்றுதான் சேர்ந்தவர்கள். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே மாதிரி நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஒன்றாகவே உள்ளே நுழைந்தார்கள். ஒருத்தி தவநாயகி, மற்றவள் மெற்றில்டா. எட்டரைக்கு அவர்கள் வேலை முடித்து வெளியேறியதும் வீடு மறுபடி உட்கார்ந்தது. அது யாருக்காக எழுந்தது என்ற விடயத்தில் அடுத்த பதினொரு மாதங்களுக்கு ஒரு தவறு நிலவியது. அந்தத் தவறைச் செய்தவள் தவநாயகி.

அவளை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், நடுமுற்றம் வைத்துக் கட்டிய ஒரு நாற்சார் வீட்டின் ஒரே பெண்பிள்ளை. அந்த வீடு தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவளுடைய மகளுக்கு என்று சீதனமாகவே கைமாறி, கடைசியில் தவநாயகியின் பெயருக்கு வந்திருந்தது. அவளுடைய ஊரில் யார் யாருக்கு எழும்ப வேண்டும் என்பது எழுதி வைக்காத சட்டம். அவளுடைய தகப்பன் ஒழுங்கையால் நடந்து போனால் மதகில் குந்தியிருப்பவர்கள் எழும்பி, தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். அவர் யாருக்கும் எழும்பியதை அவள் கண்டதில்லை. ஊர் அதிகாரியான விதானையார் வந்தபோது ஒருமுறை பாதி எழும்பினார் என்று தாய் சொல்லக் கேள்வி. லண்டனுக்கு வந்த பதினான்கு மாதங்களில் அவளுக்காக எந்த மனிதரும் எழும்பவில்லை. பஸ்ஸில் எழும்பவில்லை, டாக்டரின் காத்திருக்கும் அறையில் எழும்பவில்லை, விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆகவே ஒரு வீடு எழுந்தபோது, தாமதமாகவேனும் ஒரு ஒழுங்கு திரும்பி வந்திருக்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது.

அவள் அதைக் கணவனிடம் சொன்னாள். கணேசலிங்கம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்பவன். ஊரில் கிராமசேவகர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். "இஞ்சரும், எழும்பினது சந்தோசம். அதுக்காக அங்கை போய்க் கதிரையிலை இருந்திடாதையும். கூட்டத்தான் எடுத்தவங்கள்," என்றான். அவள் ஊருக்கும் கடிதம் எழுதினாள். விம்பிள்டன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்னாள். டர்லோ ஹவுஸின் சமையலறை அலுமாரியில், மேல்தட்டில் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பை தனியாகக் கவிழ்ந்திருக்கும். மெற்றில்டா கீழ்த்தட்டில் இருந்த கவுன்சில் கோப்பைகளில் குடித்தாள். மெற்றில்டாவை அவள் 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்றாள். மெற்றில்டா அவளை 'அக்கா' என்றாள், இரண்டு வயது மூத்தவளாக இருந்தும்.

வீட்டின் அசைவு கவுன்சிலுக்கும் தெரிய வந்தது, வாசற்படிக்கும் சுவருக்கும் இடையில் புதிதாகப் புல் நசிந்து கிடந்ததால். நிலஅளவையாளர் முனியாண்டியை அனுப்பினார்கள். அவர் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். 1976ஆம் ஆண்டு வறட்சியில் காய்ந்த களிமண் இப்போது ஈரம் குடித்து வீங்குகிறது என்று அவர் அறிக்கை எழுதினார். களிமண் காலை ஆறு பத்துக்கு வீங்கி எட்டரைக்கு ஏன் வற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஹாலுக்குள் ஒரு பித்தளை அளவுகோலைச் சுவரில் பொருத்தி, அதற்கு ஒரு முள்ளும் வைத்தார். அந்த முள்ளில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது: வீடு சும்மா இருக்கும் நேரத்தில் அவர் வந்து பார்த்தாலும் அது ஒரு அங்குலம் காட்டியது. கருவிப் பிழை என்று குறித்துக்கொண்டார்.

1987 ஜனவரி பன்னிரண்டாம் தேதி பனி கொட்டியது. மெற்றில்டா காய்ச்சலில் படுத்துவிட்டாள். தவநாயகி தனியாக நடந்து வந்து, கதவைத் திறந்து, சப்பாத்தைத் தட்டிவிட்டு உள்ளே கால் வைத்தாள். முனகல் இல்லை. குளிரில் வீடு விறைத்துப்போனதாக்கும் என்று நினைத்து வெளியே போய் மறுபடி வந்தாள். மூன்றாம் முறை வலது காலை முன்வைத்து வந்தாள். ஏழாம் முறை தலைத்துணியை அவிழ்த்து, முகம் நன்றாகத் தெரியும்படி வந்தாள். முள் பூச்சியத்தில் கிடந்தது. செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி, வியாழனும் அப்படி. வெள்ளிக்கிழமை மெற்றில்டா இருமிக்கொண்டு வந்தாள். "நீர் கொஞ்சம் வெளியிலை நில்லும்," என்று சொல்லிவிட்டு தவநாயகி முதலில் போனாள். ஒன்றுமில்லை. "இப்ப வாரும்," என்றாள். மெற்றில்டா கால் வைத்தாள். வீடு முனகியது, கண்ணாடிகள் நடுங்கின, முள் நாலில் நின்றது.

"கண்டனீரோ?"

"என்னத்தை அக்கா?"

"வீடு எழும்பினதை."

"அது ஒவ்வொரு நாளும் எழும்புறதுதானே," என்றாள் மெற்றில்டா, கழுத்துத் துண்டை அவிழ்த்தபடி. "நான் உங்களுக்கெண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

"எனக்கோ எழும்புது? ஐயோ, அப்ப எனக்கு வேண்டாம். என்ர முழங்காலுக்கு அது ஒரு படி கூட. இருந்த இடத்திலை இருக்கச் சொல்லுங்கோ."

தவநாயகியின் வயிற்றில் அன்று விழுந்த நெருப்பு ஆண்டுக்கணக்கில் அணையவில்லை. வேண்டுமென்று நிற்பவளுக்குக் கிடைக்காதது வேண்டாமென்று நிற்பவளுக்குக் கிடைத்தால் அதைத் தாங்குவது கடினம். அவளுடைய ஊர் ஆட்கள் மூன்று கேள்வியில் ஒருவரை அடிமுதல் நுனிவரை அளந்துவிடுவார்கள். அந்தப் பதினொரு மாதமும் அவள் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம், மெற்றில்டாவை அளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது தேவை வந்தது. படிக்கட்டின் மரக் கைப்பிடிக்கு மெழுகு பூசிக்கொண்டே கேட்டாள்.

"மெற்றில்டா, நீர் ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம் ரவுண்தான்."

"ரவுணிலை?"

"பெரிய கோயிலடி."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி அம்மான்ர வயிறு," என்றாள் மெற்றில்டா. வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். போகும்போது சிரித்தாளா இல்லையா என்பது தவநாயகிக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அதையே யோசித்தாள்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஊரைச் சொல்லக் கூச்சப்படாதவர்கள் ஊரைச் சொல்வார்கள். மெற்றில்டாவின் பூட்டியோ பூட்டியின் தாயோ யாரோ ஒருவருடைய வளவில் வேலை செய்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, கோயிலடிக்குக் குடிவந்திருப்பாள் என்று தவநாயகி முடிவுகட்டினாள். முடிவு சரியா பிழையா என்பதைவிட, அதற்குப் பிறகு அவளுடைய பொறாமை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. மேலே பார்த்துப் பொறாமைப்பட அவளுக்குத் தெரியும். கீழே பார்த்துப் பொறாமைப்பட அவளுடைய ஊரில் வழக்கம் இல்லை. அதற்குச் சொல்லும் இல்லை, சாட்டும் இல்லை. ஆகவே அவள் வீட்டைத்தான் பிழை சொன்னாள். வெள்ளைக்காரன் வீடு, அதற்கு ஆள் தரம் தெரியாது, யாராவது தெரியப்படுத்த வேண்டும். நீல மேலங்கிக்குக் கீழே கூறைச் சேலை உடுத்து வந்தாள். தாலிக்கொடியை வெளியே எடுத்துப் போட்டாள். பணியாளர் வாசலை விட்டு முன்வாசலால் வந்தாள். ஷிப்டை மாற்றி, மெற்றில்டாவுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்து, ஹால் முழுவதையும் தனியாகத் துடைத்து, வீடு தன்னைப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்தாள். வீடு மூன்று ஆண்டுகள் அவளை மதித்து நடந்தது: அவள் துடைத்த தரையில் தூசு விழவில்லை, அவள் சாத்திய யன்னல் ஆடவில்லை. ஆனால் எழும்பவில்லை. 1987 ஒக்டோபர் புயலில் சீடர் மரம் விழுந்தது. மரம் குடித்த தண்ணீரை இப்போது மண் குடிப்பதால்தான் வீடு எழும்புகிறது என்று முனியாண்டி இரண்டாவது அறிக்கை எழுதினார்.

1989இல் கொதிகலன் திருத்த ஒருவர் வந்தார். ஐம்பது வயது, கறுத்த, உயர்ந்த மனிதர். பிரிக்ஸ்டனில் இருந்து வந்தவர், பிறந்தது ஜமேக்காவில். அவர் கருவிப் பெட்டியோடு வாசலைத் தாண்டியதும் வீடு ஒன்பது அங்குலம் எழுந்தது. தரைக்கு அடியில் போன குழாய் இழுபட்டு உடைந்து தண்ணீர் பீறிட்டது. அவர் அதைத் திருத்திவிட்டுப் போனார். வீடு உட்கார்ந்தபோது குழாய் நசிந்தது. மறுநாள் கூப்பிட்டார்கள், வந்தார், வீடு எழுந்தது, குழாய் உடைந்தது. நாலாம் முறை அவர், இந்த வீட்டுக்குத் தன்னை அடியோடு பிடிக்காது என்று முறைப்பாடு செய்து, இனி வேறு ஆளை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். வேலைத் தாளில் அவர் வைத்த கையெழுத்தைத் தவநாயகி பார்த்தாள்: அல்வின் டர்லோ.

அவளுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது போல இருந்தது. வீட்டின் பெயர் டர்லோ, இவர் பெயர் டர்லோ. உரிமைக்காரன் வந்திருக்கிறான், வீடு எழும்பாமல் என்ன செய்யும்? மேல்தட்டிலிருந்து தன்னுடைய கோப்பையை எடுத்து, கழுவி, அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, இது உங்களுடைய வீடுதானே சேர் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடையது என்றால் இன்றைக்கே விற்றுவிட்டு ஒழுங்கான குழாய் உள்ள ஒரு வீட்டை வாங்குவேன் என்றார். அன்று அளவுகோல் பார்க்க வந்திருந்த முனியாண்டி, அவர் போன பிறகு தவநாயகியைக் கூப்பிட்டார்.

"அவரு வாரிசு இல்லம்மா. டர்லோங்கிறது இந்த வீட்டைக் கட்டின முதலாளி பேரு. ஜமேக்காவுல அவனுக்குக் கரும்புத் தோட்டம். அங்க அடிமையா இருந்தவங்களுக்கும் அதே பேரை வெச்சிட்டாங்க. மாட்டுக்குக் குறி சுடுவாங்கல்ல, அந்த மாதிரிதான்."

"அப்ப வீடு ஏன் அந்த மனிசனுக்கு எழும்புது?"

"வீடு எங்கம்மா எழும்புது? களிமண்ணுல்ல வீங்குது," என்றார் முனியாண்டி.

அப்போது மெற்றில்டா வீட்டில் இல்லை. முள் ஒரு அங்குலத்தில் நின்றது. முனியாண்டியின் பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர் என்பதை அவர் எப்போதோ பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். கருவியில் பிழை இல்லை என்று தவநாயகிக்கு அந்த நிமிடம் தெரிந்தது. அவருக்கு அதைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒரு அங்குலம் என்றாலும் அங்குலம்தான்.

வீட்டின் கதை பிறகு கவுன்சிலின் பழைய பெட்டிகளிலிருந்து வெளியே வந்தது. 1831இல் கடைசி டர்லோ எழுதிய மரணசாசனம் அதில் இருந்தது. மருமகளுக்கு இந்த வீடு, வெள்ளிப் பாத்திரங்கள், இரண்டு வண்டிகள், தோட்டத்தில் இருக்கும் நாற்பத்தொரு பேர். அவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாக. இரண்டொரு ஆண்டில் அடிமை முறையை ஒழித்து அரசு சட்டம் போட்டபோது நட்டஈடு கொடுத்தது, விடுதலை பெற்றவர்களுக்கு அல்ல, விட்டவர்களுக்கு. அந்தப் பணத்தில் மருமகள் கூரைக்குப் புதுச் சிலேற் கல் ஓடு போட்டாள், ஹாலுக்கு ஒரு பெரிய மகோகனிக் கதிரை வாங்கினாள். அந்த நாற்பத்தொரு பேரில் யாரும் இந்த வீட்டைக் கண்டதில்லை. வீடும் அவர்களைக் கண்டதில்லை.

1990 ஆனியில் தவநாயகியின் ஊர் ஒரே நாளில் காலியானது. இராணுவம் வந்து இருந்துகொண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த கடிதத்தில், நாற்சார் வீட்டின் ஓட்டைக் கழற்றிவிட்டார்கள், சுவரையும் இடித்துத் தரைமட்டமாக்கி மண்ணரண் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. கணேசலிங்கம் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். தவநாயகி சூட்கேசின் அடியிலிருந்து சீதன உறுதியை, அந்த வீட்டின் பத்திரத்தை, எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். இப்போது அவளிடம் வீட்டின் உறுதி இருந்தது, வீடு இல்லை.

1993இல் டர்லோ ஹவுஸை அருங்காட்சியகமாக்கினார்கள். மேல்மாடியில் இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட குடியிருப்போடு ஒரு வீட்டுக் காவலர் வேலை வந்தது. தவநாயகியும் மெற்றில்டாவும் விண்ணப்பித்தார்கள். தவநாயகி அந்த மூன்று வாரமும் வெள்ளிக்கிழமை விரதத்தைச் செவ்வாய்க்கும் நீட்டினாள். வேலை அவளுக்கே கிடைத்தது. நியமனக் கடிதத்தின் இரண்டாவது பந்தியில் காரணம் எழுதியிருந்தது: கட்டடத்தின் பாதுகாப்பைக் கருதி, உள்ளே தொடர்ந்து தங்கியிருப்பதால் கட்டடத்தில் எந்த அசைவையும் உண்டாக்காதவர் தெரிவு செய்யப்படுகிறார். கணேசலிங்கம் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே விளங்கியது. மெற்றில்டாவுக்குக் கீழே தேநீர் அறையின் பொறுப்பைக் கொடுத்தார்கள். "நல்லதாப் போச்சு அக்கா, மாடிப்படி ஏறத் தேவையில்லை," என்று அவள் சொன்னாள், மனதாரச் சொன்னாள்.

இப்போது அவள் அந்த வீட்டில் சமைத்தாள், தூங்கினாள், மாடி யன்னலில் சேலை காயப்போட்டாள். திறப்புக் கோர்வை அவளுடைய இடுப்பில் தொங்கியது. நாள்தோறும் காலை ஒன்பதுக்கு, கீழே ஒரு கிழவி முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே வர, தவநாயகி படுக்கும் கட்டில், அவள் கும்பிடும் பிள்ளையார் படம், அவளுடைய அடுப்பில் கொதிக்கும் சாம்பார், எல்லாம் நாலு அங்குலம் எழுந்து நின்று மரியாதை செய்தன. தானும் அந்த மரியாதைக்குள் ஒரு தட்டுமுட்டுச் சாமானாக இருப்பது அவளுக்கு நித்திரையைக் கெடுத்தது.

1994 மார்ச் பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அருங்காட்சியகம் பூட்டியிருந்த காலை நேரம், கணேசலிங்கம் வேலைக்குப் போன பிறகு அவள் தலை முழுகி, கூறைச் சேலை உடுத்து, சீதன உறுதியோடு கீழே இறங்கினாள். வீட்டுக்குத் தான் யார் என்று தெரியாது; தெரியாதவர்களுக்கு முறைப்படி சொல்ல வேண்டும். ஹாலில் இருந்த மகோகனிக் கதிரையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதில் இருந்தாள். அதில் இருக்கக் கூடாது என்று பார்வையாளர்களைத் தடுப்பதுதான் அவளுடைய வேலை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, உறுதியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். மேல்தாளில் அவளுடைய பெயர், அதன் கீழ் தாயின் உறுதி, அதன் கீழ் அம்மம்மாவின் உறுதி என்று நூலால் கட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசித் தாளை அவள் வாழ்நாளில் புரட்டியதில்லை. அது 1831இல் பத்திரம் எழுதும் நொத்தாரிசு எழுதிய மூலஉறுதி, எழுத்து மங்கிப் புள்ளிகள் இல்லாமல் இருந்தது. வடக்கு வெள்ளாந்தோட்டம் என்னும் காணியும், அதிலுள்ள வீடும், கிணற்றில் பாதியும், வழி வாய்க்கால் பாத்தியமும், பித்தளைக் குத்துவிளக்கு ஒரு சோடியும், வள்ளி, கதிரி என்னும் இரண்டு பேரும், அவர்கள் வயிற்றில் பிறந்ததும் பிறக்கப் போவதும்.

பிறக்கப் போவதும் என்ற இடத்தில் வீடு அசைந்தது. தவநாயகி ஆவலோடு நிமிர்ந்தாள். முள்ளைப் பார்த்தாள். அது மேலே போகவில்லை. பூச்சியத்துக்குக் கீழே, முனியாண்டி அடையாளம் போடாத வெறும் பித்தளையில், நாலு அங்குலம் இறங்கி நின்றது. வீடு அவளைக் கேட்டது, கேட்டு, இவள் தன்னுடைய ஆள்தான் என்று தெரிந்துகொண்டது. சமமானவர் வந்தால் எந்தப் பெரிய மனிதரும் எழும்புவதில்லை. கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்து இருப்பார். அவளுடைய தகப்பன் அப்படித்தான் இருப்பார். டர்லோ ஹவுஸும் அப்படித்தான் இருந்தது.

வாசல் நிலை நசிந்து கதவு இறுகிவிட்டது. பின்கதவும் அப்படி, கீழ் யன்னல்களும் அப்படி. அவள் திறப்பைப் போட்டுத் திருப்பினாள், தோளால் இடித்தாள். கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தால் அசைவு உண்டாக்கியது யார் என்று கேட்பார்கள். வேலையும் போகும், இருக்கும் இரண்டு அறையும் போகும். தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டாலும் அதே கதை. கணேசலிங்கத்தால் கதவைத் தள்ள முடியும், வீட்டைத் தூக்க முடியாது. அந்த வீட்டைத் தூக்கக்கூடியவளுடைய இலக்கம் தேநீர் அறைச் சுவரில், கவுன்சில் ஒட்டிய தாளில் இருந்தது. தவநாயகி அதற்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றாள்.

"மெற்றில்டா, நான் தவநாயகி. ஒருக்கா வீட்டடிக்கு வருவியளோ?"

"இண்டைக்கு ஞாயிறு அக்கா. பூசையாலை இப்பத்தான் வந்தனான். என்ன, நெருப்பு கிருப்போ?"

"இல்லை. கதவு திறக்க ஏலாமல் கிடக்கு."

"அதுக்கு நான் வந்து?"

தவநாயகி பதில் சொல்ல எடுத்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு அடுப்பு அணைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நீங்கள் வந்தால் அது எழும்பும்," என்றாள் தவநாயகி.

"ஓம், அது சரிதான். வாறன். இறைச்சி அரைவாசியிலை நிக்குது, சுணக்க ஏலாது, சொல்லிப்போட்டன்."

அவள் வர ஒரு மணித்தியாலம் ஆனது, ஞாயிற்றுக்கிழமை பஸ். வாசற்படியில் அவளுடைய தடியின் சத்தம் கேட்டபோது தவநாயகி மறுபடி அந்தக் கதிரையில்தான் இருந்தாள். மெற்றில்டா கதவின் மீது கையை வைத்து, "சரி, எழும்பு, வயது போன காலத்திலை எங்களை அலைக்கழிக்காதை," என்று யாருக்கோ சொன்னாள். வீடு முனகியது. கீழே போன நாலும் மேலே வழக்கமான நாலுமாக எட்டு அங்குலம் எழுந்தது, கதவு தானாகத் திறந்தது. வெளிச்சத்தில் மெற்றில்டா நின்றாள். தவநாயகி கதிரையின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து நின்றாள்.

"என்ன, கூறைச் சேலையோடை?" என்றாள் மெற்றில்டா. பிறகு கதிரையைப் பார்த்தாள், அதன் மேல் கிடந்த தாள்களைப் பார்த்தாள். தன்னுடைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசித் தாளை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். தவநாயகி தடுக்கவில்லை. வாசித்து முடிக்க நேரமானது.

"கதிரி எண்டு எங்கடை பக்கத்திலையும் ஒரு ஆள் இருந்தவவாம், அம்மா சொல்லுவா," என்றாள் மெற்றில்டா. தாளை நூலுக்குள் செருகி ஒழுங்குபடுத்தினாள். "கதிரி எண்டு அந்தக் காலத்திலை எத்தினை பேர் இருந்திருப்பினம். தேத்தண்ணி போடுறியளோ? எனக்குச் சீனி இரண்டு."

தவநாயகியின் கையில் அகப்பட்டது அவளுடைய மேல்தட்டுக் கோப்பைதான். மெற்றில்டா அதில் குடித்துவிட்டு, இறைச்சி நினைவு வந்து உடனே கிளம்பினாள். கோப்பையை வழக்கத்தைவிட ஒரு தரமும் கூடுதலாகக் கழுவவில்லை என்று தவநாயகி பிறகு கணவனிடம் சொன்னாள். எண்ணிப் பார்க்க அங்கே யாரும் இருக்கவில்லை.

கவுன்சில் காலப்போக்கில் குழாய்களுக்கு வளையும் மூட்டுகளைப் போட்டது, முன்வாசலுக்குக் கீல் வைத்த ஒரு மரப்படியைச் செய்தது. வீடு எழும்பும்போது அது தானாக விரியும். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பந்தி சேர்ந்தது. 1995இலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த பிரிக்ஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு வகுப்பு வரிசையாக நுழைந்தால் வீடு தலைக்குத் தலை எழும்பி இரண்டு அடியில் போய் நிற்கும்; பிள்ளைகளுக்கு அது விருப்பம், ஆசிரியர்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அல்வின் டர்லோ ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை பேரப்பிள்ளைகளோடு வந்தார். குழாய் உடையாததைக் கண்டு வியந்து, பார்வையாளர் ஏட்டில் அதை மட்டும் எழுதிவிட்டுப் போனார். முனியாண்டி தன்னுடைய மூன்றாவது அறிக்கையில் களிமண்ணையே மறுபடியும் உறுதிப்படுத்தினார். தவநாயகி யாரையும் திருத்தவில்லை. மோர்டனில் நடக்கும் கலியாணங்களில், தாங்கள் இருக்கும் வீடு எழும்பி நிற்கும் வீடு என்று சொன்னாள். யாருக்கு என்று கேட்காதவர்களுக்கு அவள் சொல்லவில்லை.

1999ஆம் ஆண்டிலும் அது அப்படியே நடந்தது. காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க தவநாயகி மாடியிலிருந்து இறங்கி வந்து, பார்வையாளர் வரும் முன் கயிற்றை அவிழ்த்து, மகோகனிக் கதிரையில் இருப்பாள். பஸ் நிற்கும் சத்தம் கேட்கும், தடியின் சத்தம் கேட்கும். வீடு முனகிக்கொண்டு எழும்பும், அவளும் எழும்புவாள். வீடு எழும்பும்போது இருந்தபடி இருந்தால் தலை சுற்றுகிறது, வேறு ஒன்றுமில்லை என்று கணேசலிங்கத்துக்குச் சொல்லியிருந்தாள். எழும்பியதும் முதல் வேலையாகச் சுவரில் இருக்கும் பித்தளை முள்ளைத்தான் பார்ப்பாள், இன்றைக்காவது மூன்றரையில் நிற்கிறதா என்று. அது சரியாக நாலில் நிற்கும். "விடிஞ்சுதோ அக்கா?" என்று கேட்டபடி மெற்றில்டா தேநீர் அறைக்குப் போவாள். தவநாயகி கயிற்றைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பாள்.